மூடியில் கட்டிய நூல்

கொம்பொல்ச்சா
திர் மாதம் 15

அன்புத் தங்கை பெலெத்துவுக்கு அக்கா அஸ்கலே எழுதுவது.

எப்படி இருக்கிறாய்? அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? ஆண்டவன் புண்ணியத்தில் உன்னைப் பார்க்காத ஏக்கம் ஒன்றைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. உன் மச்சான் யிமாம் நலம். அவருடைய தையல் மெஷினும் நலம். இரண்டில் அதிகம் பேசுவது மெஷின்தான்.

நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். நான் முழுகாமல் இருக்கிறேன். ஐந்து மாதம். நாற்பத்துநாலு வயதில் இது என்ன கூத்து என்று கேட்பாய். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண்ணும் கேட்டாள். "மருமகளைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களாம்மா, எங்க அவ?" என்றாள். "மருமக வர்றதுக்கு நாளிருக்கு, மொதல்ல மகனைப் பாரு" என்று கட்டிலில் ஏறிப் படுத்துவிட்டேன்.

யிமாமின் அக்கா லுபாபாவை நீ மறந்திருக்கமாட்டாய். பதினாறு வருஷமாக அந்த நாத்தனார் எனக்கு வைத்திருக்கும் பேர் கோவேறு கழுதை. "கோவேறு கழுதைக்கு வயிறு தொறக்காது. சிலுவைக்காரியும் தொழுகைக்காரனும் சேந்த வீட்டுக்கும் அதே கதிதான்" என்று காப்பி ஊற்றுகிற வீடு ஒன்று விடாமல் சொன்னவள். போன வாரம் யிமாமிடம் இடுப்பைப் பிடித்து ஒரு கவுன் தைத்து வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு அவள் வாசலில் பக்கவாட்டில் நின்றேன். "மதினி, கழுதை தண்ணி குடிக்க வந்திருக்கு" என்றேன். அவள் கையிலிருந்த சொம்பு தானாகக் கீழே போயிற்று.

இது தொடக்கம்தான். அவள் செய்தது உனக்குத் தெரியாததா, நீதானே துணைப்பெண்ணாக என்னோடு வந்தாய். ஆனாலும் எழுதுகிறேன், எழுத எழுதப் பல் கூர்மையாகிறது. கல்யாணத்தின் மூன்றாம் நாள். அவர்கள் அறுத்ததை நாம் தொடமாட்டோம், நாம் அறுத்ததை அவர்கள் தொடமாட்டார்கள், அதனால் அடுப்பில் இரண்டு சட்டி. நம் ஆள் அறுத்துக் கொடுத்த கறி இருந்த சட்டிக்கு, அடையாளமாக மூடியில் சிவப்பு நூல். என் தட்டில் வந்ததோ நூல் இல்லாத சட்டியின் கறி. நான் பாதி தின்று முடித்ததும் லுபாபா கூட்டத்தின் நடுவில் வந்து நின்று, "நாந்தான் ஊட்டினேன், இனிமே இவ நம்ம பொண்ணு" என்று கை தட்டினாள்.

நம் பக்கத்தில் இந்த மாதிரிக் கல்யாணம் புதிதில்லை. அப்பா கல்யாணத்தை விழுங்கிக்கொண்டார். அந்தக் கறியைத்தான் அவரால் விழுங்க முடியவில்லை. கதவைச் சாத்தினார். அம்மா இறந்த அன்று என்னை வேலிக்கு வெளியே உட்காரவைத்துத் தனித் தட்டில் சாப்பாடு அனுப்பினார்கள். அந்தக் கல்யாணத்திலிருந்து நான் எந்தச் சட்டிக் கறியும் தின்பதில்லை.

இப்போது என் முறை. பேரப்பிள்ளை வருகிறது என்று அப்பாவிடம் சொல். அவர் முகம் எப்படிப் போனது என்று எழுது.

உன் அக்கா
அஸ்கலே


வல்டியா
யெகாத்தித் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மச்சானும் நலமாக இருக்க மரியன்னையை வேண்டுகிறேன். நாங்கள் நலம். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அழுதேன், சந்தோஷத்தில்தான். பாரம் தூக்காதே. தண்ணீர்க் குடத்தை யாராவது கொண்டுவரட்டும். படுக்கும்போது இடதுபக்கம் படு.

அப்பாவின் இருமல் குறைந்திருக்கிறது. கண்தான் மங்கிக்கொண்டே போகிறது, கோயிலுக்கு என் கையைப் பிடித்துத்தான் வருகிறார். இந்த வருஷம் பயறு நன்றாக விளைந்தது.

பழசையெல்லாம் எதற்குக் கிளறுகிறாய் அக்கா. நல்ல காரியம் வந்திருக்கிறது. லுபாபாவை விட்டுவிடு.

உன் தங்கை
பெலெத்து


கொம்பொல்ச்சா
யெகாத்தித் 14

அன்புத் தங்கைக்கு,

நலம்தானே? நாங்கள் நலம். பயறு விளைந்த செய்தி கிடைத்தது, நன்றி. அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டேன், பயறிடம் சொன்னாயா என்று கேட்கவில்லை.

லுபாபா மாறிவிட்டாள். தினமும் வெண்ணெயோடு வருகிறாள். "எங்க யிமாம் ரத்தம்" என்று என் வயிற்றைத் தடவுகிறாள். வயிறு மட்டும் அவர்களுடையதாகிவிட்டது, வயிற்றைச் சுற்றியிருக்கும் நான் இன்னும் வெளியாள்தான். நேற்று மெதுவாக விஷயத்துக்கு வந்தாள்.

"பால்குடி மறந்ததும் பிள்ளைய ஏங்கிட்ட குடுத்துரு அஸ்கலே. ஒங்கிட்ட வளந்தா அது எந்தச் சாமியையும் கும்பிடாம போயிரும்."

"அப்ப ராத்திரி அழுதா?"

"அழுறப்ப ஒங்கிட்ட அனுப்புறேன்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே திட்டம் போட்டேன். எட்டாம் மாதம் எனக்காகப் பெண்களைக் கூட்டிப் பிரார்த்தனை வைக்கப்போகிறாளாம். காப்பி மூன்று சுற்று, இரண்டு பக்கத்துப் பெண்களும் வருவார்கள். பிள்ளைத்தாய்ச்சி தன் கையால் உருட்டி ஊட்டும் கவளத்தை யாரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது, அது ஊரறிந்த வழக்கம்.

அதனால் நீ எனக்கு ஒன்று செய். அப்பா தன் கையால் அறுத்த மாட்டின் உப்புக்கண்டம் நாலு கீற்று அனுப்பு. எனக்கில்லை. அவள் வாய்க்கு. காய்ந்த கறியின்மேல் யார் பேரைச் சொல்லி அறுத்தார்கள் என்று எழுதியா இருக்கும்? மூன்று கவளம் போன பிறகு, அவள் எனக்குச் சொன்ன அதே சொல்லை அவளுக்குச் சொல்வேன்.

அப்பாவிடமும் சொல்.

உன் அக்கா
அஸ்கலே


வல்டியா
மெகாபித் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் நலம்.

பெரிய நோன்பு தொடங்கிவிட்டது. வீட்டில் கறியும் இல்லை வெண்ணெயும் இல்லை. ஈஸ்டர் வரட்டும், பார்க்கலாம். பிள்ளை பிறந்ததும் களி கிண்ட வாற்கோதுமை மாவு, வறுத்து அரைத்த மிளகாய்ப்பொடி, இரண்டும் கடிதம் கொண்டுவரும் இந்த லாரிக்காரர் கையில் அனுப்பியிருக்கிறேன். மாவைச் சலித்துத்தான் அனுப்பினேன்.

அக்கா, வேறு எப்படியாவது அவளைத் திட்டிவிடு. இது வேண்டாம்.

உன் தங்கை
பெலெத்து


கொம்பொல்ச்சா
மெகாபித் 12

என் தங்கை பெலெத்துவுக்கு,

மாவு வந்தது. நல்ல மாவு. லுபாபாவுக்கு மாவை ஊட்டிப் பழிவாங்க எனக்குத் தெரியாது.

நான் அந்த வீட்டில்தான் பிறந்தேன். அடுப்புக்குமேல் உத்தரத்தில் கயிறு கட்டி, நோன்புக்கு முன்பே வருஷத்துக்கான உப்புக்கண்டம் தொங்கும். நோன்பில் அதைத் தின்னத்தான் கூடாது, அனுப்பக்கூடாது என்று எந்தச் சாமி சொன்னது?

இப்போது விளையாட்டை விட்டுவிட்டு ஒன்று சொல்கிறேன். கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. நர்ஸ் பெண் முதலில் சிரித்தாள், இப்போது சிரிப்பதில்லை. இந்த வயதில் ரத்தக் கொதிப்பு வந்தால் தாய் ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கம் என்கிறாள். எனக்கு ஏதாவது ஆனால் என்னை எங்கே புதைப்பார்கள் என்று நேற்று யோசித்தேன். நம் கோயில் என்னை எடுக்காது. அவர்கள் மையவாடியும் எடுக்காது. உன் மச்சான் தையல் மெஷினுக்குக் கீழே பள்ளம் தோண்டவேண்டியதுதான். அவரிடம் சொன்னேன். அன்று முழுக்க மெஷின் ஓடவில்லை.

என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்த வாய்க்குள் மூன்று கவளம் போடாமல் நான் கண்மூட மாட்டேன். நாலு கீற்று. அனுப்பு.

அப்பாவிடம் சொன்னாயா? மூன்றாவது கடிதமாகக் கேட்கிறேன்.

அஸ்கலே


கொம்பொல்ச்சா
மியாஸ்யா 1

பெலெத்து,

நலமா? லாரிக்காரர் மூன்று முறை வந்துபோய்விட்டார். ஒவ்வொரு முறையும் அவரைப் பார்த்து நான் ஓட, "பிரசவம் ரோட்டுலயே ஆயிரப்போவுது தாயி" என்று பயப்படுகிறார். உன் கை முடங்கிவிட்டதா? வலது கையா இடது கையா என்று மட்டுமாவது எழுது.

அக்கா


வல்டியா
மியாஸ்யா 9

அக்காவுக்கு,

கோபப்படாதே. நாங்கள் நலம். கேட்டதை அனுப்பியிருக்கிறேன். நாலு கீற்று, துணியில் சுற்றி, மிளகாய்ப்பொடி டப்பாவுக்குள் இருக்கிறது. நீ தின்னாதே. சத்தியமாக நீ தின்னாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பெலெத்து


கொம்பொல்ச்சா
மியாஸ்யா 24

தங்கை பெலெத்துவுக்கு,

நலம். வயிறு முன்னால் போகிறது, நான் பின்னால் போகிறேன்.

முந்தாநாள் பிரார்த்தனை. இருபது பெண்கள், சாம்பிராணிப் புகை, காப்பி இரண்டாம் சுற்று. லுபாபா நடுவில் பெண் வீட்டுத் தாய் மாதிரி உட்கார்ந்திருந்தாள். உப்புக்கண்டத்தைப் பிய்த்துக் குழம்பில் போட்டிருந்தேன். இஞ்செரா ரொட்டியில் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

"மதினி, வாயத் தொறங்க. பிள்ளைத்தாய்ச்சி கை."

"ஏண்டி, எனக்கெதுக்கு, ஒனக்கல்ல ஊட்டணும்."

"வேண்டாம்னா எம்பிள்ள கோவிச்சுக்கும்."

மூன்று கவளம். நன்றாக மென்றாள். "கறி ருசியா இருக்குடி" என்றாள். நான் எழுந்து நின்றேன், நின்றால் வயிறே ஒரு மேடை. "வல்டியாவுல எங்கப்பா அறுத்த மாடு மதினி. பிதா சுதன் பேரால அறுத்தது. நாந்தான் ஊட்டினேன். இனிமே நீங்க எங்க பொண்ணு" என்று கை தட்டினேன்.

காப்பிப் பானை பொங்கி வழிந்தது, எடுக்க யாரும் கை நீட்டவில்லை. லுபாபா வெளியே ஓடிப்போய் வேலியைப் பிடித்துக்கொண்டு கக்கினாள். பெலெத்து, பதினாறு வருஷத்தில் காப்பி எனக்கு அன்றுதான் இனித்தது.

அந்த இனிப்பு சாயங்காலம் வரை நிற்கவில்லை. அவள் நேராகப் பள்ளிவாசல் ஷேக்கிடம் போயிருக்கிறாள். அவர் ஒரே கேள்வி கேட்டாராம். "தெரிஞ்சா தின்னே?" "இல்ல." "அப்ப வாயக் கொப்புளிச்சிட்டுப் போயி வேலையப் பாரு." அவ்வளவுதான். அவள் மனம் கேட்காமல் ஒரு கோழியைக் கொடுத்துத் தனியாக ஓதச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குப் பதினாறு வருஷம், அவளுக்கு ஒரு கோழி.

திரும்பி வரும் வழியில் என் வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"நான் ஒனக்கு ஊட்டவே இல்லடி. அன்னிக்கு அடுப்படிப் பக்கமே நான் வரல. யாரோ சட்டிய மாத்திப் பரிமாறிட்டாங்கன்னு உள்ள சத்தம். வந்து பாத்தேன், எல்லாரும் என்னையே பாத்தாங்க. நாந்தான்னு சொல்லிட்டேன். சும்மா கெடைக்கிற பேரு, அத ஏன் விடணும்னு சொல்லிட்டேன்."

நான் நம்பவில்லை. பிறகு உட்கார்ந்து யோசித்தேன். என்னோடு வந்தவர்களில் அன்று அடுப்படியில் நின்றது நீ ஒருத்திதான். ஷேக் கேட்ட கேள்வியை நம் குருவானவரும் அப்பாவிடம் கேட்டிருப்பார். தெரியாமல் தின்றவளுக்குத் தீர்த்தம் தெளித்துச் சேர்த்துக்கொள்வது நம்மிடமும் உண்டு. எனக்கு ஏன் தெளிக்கவில்லை? அங்கே என்ன பதில் போனது? சொன்னது யார்?

எழுது. பயறு, மாவு, இருமல் எதுவும் வேண்டாம்.

அஸ்கலே


வல்டியா
கின்போத் 2

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை.

பரிமாறியது நான். மூடி இரண்டையும் கழற்றிக் கீழே வைத்திருந்தார்கள். எந்த மூடி எந்தச் சட்டிக்கு என்று நான் கேட்டிருக்கவேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கெட்டிக்காரியாகத் தெரியவேண்டும் என்று பக்கத்திலிருந்த சட்டியில் கரண்டியை விட்டேன். லுபாபா தான்தான் செய்ததாகச் சொன்னபோது எனக்கு உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவும் குருவானவரும் என்னை உட்காரவைத்துக் கேட்டார்கள். தீர்த்தக் குடம் பக்கத்திலேயே இருந்தது. "தெரிஞ்சா தின்னா?" என்றார் அப்பா. இல்லை என்றால், பரிமாறியது யார் என்று அடுத்த கேள்வி வரும். எனக்குப் பத்தொன்பது வயது. சொந்த அக்காவுக்கே மாற்றிப் போட்டவள் என்று பேர் வந்தால் என்னை யார் கட்டுவார்கள் என்று நினைத்தேன். "தெரிஞ்சுதான் தின்னா" என்றேன். ஒரே சொல். குருவானவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறமும் என்னை யாரும் கட்டவில்லை.

நீ முழுகாமல் இருப்பதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன் பேரை எடுத்தால் அந்த நாளும் கூடவே வந்துவிடும் என்ற பயம்.

இன்னும் ஒன்று. நான் அனுப்பியது அப்பா அறுத்தது இல்லை. சந்தையில் முஸ்லிம் கறிக்கடையில் வாங்கினேன். நோன்பு நாளில் யார் கண்ணிலும் படாமல் மாட்டுத் தொழுவத்தில் காயவைத்தேன், அதனால்தான் தாமதம். லுபாபா தின்றது அவள் தின்னக்கூடிய கறிதான். நான் உனக்குச் செய்ததை நீ இன்னொருத்திக்குச் செய்ய நானே கறி கொடுக்க முடியவில்லை.

பெலெத்து


கொம்பொல்ச்சா
கின்போத் 7

பெலெத்துவுக்கு,

உன்மேல் இருக்கிற கோபம் ஒன்றைத் தவிர எனக்கு வேறு குறையில்லை.

கடிதத்தைப் படித்துவிட்டு யிமாமிடம் கொடுத்தேன். அவர் படித்து, மடித்து, மெஷினின் இழுப்பறையில் வைத்தார். "சின்னப் புள்ளதான அப்ப" என்றார். "நீங்க மெஷின ஓட்டுங்க" என்றேன்.

லுபாபாவிடம் கறி விஷயத்தை நான் சொல்லவில்லை. செய்யாததைச் செய்தேன் என்று பதினாறு வருஷம் பேர் வாங்கினாள். தின்னாததைத் தின்றுவிட்டேன் என்று கொஞ்ச நாள் வாய் கொப்பளிக்கட்டும்.

அவள் திருடியது பேர் மட்டும்தான். நீ திருடியது அம்மாவின் முகம். கடைசியாக ஒரு தடவை பார்க்க விடாமல் வேலிக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்தபோது, அந்தத் தனித் தட்டைக் கொண்டுவந்து வைத்ததும் நீதான். என் கண்ணைப் பார்க்காமல் வைத்தாய். துக்கம் என்று நினைத்தேன்.

பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. எனக்கு இப்போது ஒரு ஆசை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, கோயில் வாசலில், அப்பா காதிலும் குருவானவர் காதிலும் விழும்படி, அந்த ஒரு சொல்லைத் திரும்ப வாங்கு. வீட்டுக்குள் ரகசியமாகச் சொன்னால் கணக்கில் சேராது. அதற்குள் நான் செத்துப்போனாலும் போய்ச் சொல்.

அஸ்கலே


வல்டியா
கின்போத் 16

அக்கா,

நீ உயிரோடு இருக்கிறாயா? அதை முதலில் எழுது.

சொல்லிவிட்டேன். நீ முழுகாமல் இருப்பதையும் சேர்த்தே சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். பக்கத்தில் நின்ற பெண்கள் தங்கள் சால்வையை என்மேல் படாமல் இழுத்துக்கொண்டார்கள். அப்பா என் கையை உதறிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே தனியாக வீட்டுக்குப் போனார். மறுநாள் காலையில் என் தட்டைத் தேடினேன். வேலிக்கு வெளியே இருந்தது. அவரே வைத்திருக்கிறார். இன்று ஏழாம் நாள், அங்கேதான் சாப்பிடுகிறேன்.

கொம்பொல்ச்சாவுக்கு எந்தக் கிழமை பஸ் என்று பக்கத்து வீட்டில் கேட்டாராம். என்னிடம் கேட்கவில்லை.

பெலெத்து


கொம்பொல்ச்சா
கின்போத் 30

தங்கை பெலெத்துவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். உனக்கு அவ்வளவு சுலபமாக விடுதலை கிடையாது.

பெண் குழந்தை. ஒன்றரை நாள் வலி. நர்ஸ் பெண் கையைப் பிசைந்தாள். லுபாபா கட்டிலில் ஏறி எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் முதுகைத் தன் மார்பில் தாங்கிக்கொண்டாள். "மரியமே, தாயே" என்று நம் பெண்களைவிடப் பலமாகக் கூப்பிட்டது அவள்தான். பெண்ணுக்கு மூன்று குலவைதான் வழக்கம், அவள் ஏழு போட்டாள். "கழுதை பெத்திருக்கு, ஏழு போட்டாத்தான் ஊரு நம்பும்" என்றாள். பேர் மரியம். இரண்டு சட்டிக்கும் பொது. குழந்தை எந்தச் சட்டி என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். தாய்ப்பால் சட்டியில் வராது என்கிறேன். லுபாபாவும் கேட்டாள், அவளுக்கும் அதே பதில். தன் வீட்டுக்குக் கொண்டுபோகிற பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஏழாம் நாள் அவளிடம் கறிக்கடை விஷயத்தைச் சொன்னேன். "அப்ப ஷேக்குக்கு நான் குடுத்த கோழி?" என்றாள். "போன கோழி போனதுதான் மதினி" என்றேன். அவள் கணக்கு அதோடு முடிந்தது.

அன்றே அப்பாவும் வந்தார். பஸ் இறங்கிக் கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். நான் எழுந்துபோய்க் கூப்பிடவில்லை. வேலிக்கு வெளியே முக்காலி போடச் சொன்னேன். நீ அனுப்பிய மாவில் கிண்டிய களி, நடுவில் குழித்து வெண்ணெய் ஊற்றி, தனித் தட்டில் லுபாபாவின் கையில் கொடுத்தனுப்பினேன். யிமாம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. அம்மா இறந்த அன்று வேலியின் நிழல் என் காலிலிருந்து வாசற்படிக்குப் போகும்வரை நான் வெளியே இருந்தேன். அதே அளவு அவரை உட்காரவைத்தேன். உள்ளே பால் கொடுத்துக்கொண்டே அவர் இருமுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டை வழித்துத் தின்றார்.

நிழல் படியைத் தொட்டதும் போய்க் குழந்தையை அவர் மடியில் வைத்தேன். விரலால் அதன் மூக்கைத் தடவினார். "ஒங்கம்மா மூக்கு" என்றார். அதற்குமேல் எனக்கு அவரிடம் பழி இல்லை. இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், இல்லை.

போகும்போது, "பெலெத்து தட்ட உள்ள எடுத்து வச்சிரட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். பொறுங்கள் என்றேன்.

நாற்பதாம் நாள் விருந்து. நீ வரவேண்டும். அதே இருபது பெண்கள் இருப்பார்கள், அடுப்பில் இரண்டு சட்டி இருக்கும். மூடியில் நூல் கட்டமாட்டேன். நீ என் பக்கத்தில் உட்கார்ந்துகொள், வாயைத் திற. என் கையால் மூன்று கவளம், ஒன்றுகூடக் குறையாது. எந்தச் சட்டி என்று நீ விழுங்கின பிறகு சொல்கிறேன்.

அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள். வேலிக்கு வெளியே காலையில் வெயில் அடிக்கும், சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு சாப்பிடு.

உன் அக்கா
அஸ்கலே